தகர இரயில் சொன்ன காலம்

கொங்கு நாட்டில் 'பொம்மை இரயில்' என்றதும் பலருக்கும் நினைவில் வருவது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைப்புகைவண்டிதான். 1899ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டு உதகை வரையிலும் இயங்கத் தொடங்கிய அந்த வண்டி, 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதன் பெருமையைப் பலரும் எழுதிவிட்டனர். நாங்கள் இங்கு சொல்ல வந்தது உண்மையான பொம்மை இரயில் ஒன்றைப் பற்றி. தகரத்தால் ஆனது, சாவி கொடுத்தால் ஓடக்கூடியது, ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடுவது. திருப்பூரில் ஒரு வீட்டுப் பரணில் பல்லாண்டுகள் உறங்கிய அதை மீண்டும் ஓடச்செய்யும் முயற்சியில் இறங்கினோம். அம்முயற்சி எங்களை எதிர்பாராத ஒரு காலக்கணிப்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

பெரியவரும் பெட்டியும்

திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்ரீஸ்வரர் கோயிலுக்கு ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஐவர் சென்றிருந்தோம். கல்வெட்டு எழுத்துகளைத் தடவிப் படித்துக்கொண்டிருந்த எங்களை நெடுநேரம் கவனித்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "கல்லுல இருக்கறதப் பாத்தே எந்தக் காலம்னு சொல்லீருவீங்ளா?" என்று கேட்டார். முடிந்தவரை முயல்வோம் என்றோம். "அப்படின்னா ஒருக்கா நம்மூட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்று அழைத்தார்.

1950ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் நடத்திய பனியன் கம்பெனியைத் தாமும் நெடுங்காலம் நடத்தி, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருக்கிறார். காப்பி தந்து உபசரித்த பின், பழைய பனியன் துணியில் சுற்றியிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான்கு சக்கரங்கள் கொண்ட கறுப்பு இயந்திரம் ஒன்று, பயணிகள் பெட்டிகள் இரண்டு, துருவேறிய தண்டவாளத் துண்டுகள் சில. சாவியைக் காணவில்லை.

"எங்க அண்ணனுக்குன்னு எங்கய்யன் வாங்கியாந்ததுங்க. வெள்ளக்காரன் காலம். அண்ணனுக்கு அப்ப அஞ்சு வயசு" என்றார். தமையனார் 1936ஆம் ஆண்டு பிறந்தவர். அப்படியானால் வாங்கியது 1941ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பாகப்பிரிவினையின்போது, யாரும் கேளாமலேயே, இந்தப் பெட்டியைத் தம்பியின் பக்கம் தள்ளி வைத்தாராம். தம்பியார் அதை மறுக்கவும் இல்லை. திறந்து பார்க்கவும் இல்லை. "அண்ணன் பொருள்" என்ற எண்ணமே அவரை உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. தமையனாரின் பேரனுக்கு அதைப் புதிதுபோலப் பளபளப்பாக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கெனப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் சொல்லியும் வைத்திருந்தார். 'பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக அடித்துத் தருகிறோம்' என்று அங்கே உறுதி கூறியிருந்தார்கள்.

அதைக் கேட்டதும் எங்களுக்கு அச்சம் தோன்றியது. குடமுழுக்கின்போது கோயில் சுவர்களில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துத் 'தூய்மை' செய்ததால் எழுத்து மங்கிப்போன கல்வெட்டுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். சுவர் புதிதுபோல் இருக்கும். அது பேசுவதை மட்டும் நிறுத்தியிருக்கும். எனவே இரண்டு வாரம் அவகாசம் தருமாறு பெரியவரிடம் கேட்டுக்கொண்டோம்.

தகர இரயில்களின் தோற்றம்

இவ்விடத்தில் இத்தகைய பொம்மைகளின் வரலாற்றைச் சிறிது பார்ப்பது நலம். புகைவண்டி பிறந்த சில ஆண்டுகளிலேயே பொம்மைப் புகைவண்டியும் பிறந்துவிட்டது. ஆயினும் ஒருவர் செய்த தண்டவாளத்தில் மற்றவர் செய்த வண்டி ஓடாது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அளவு வகுக்கப்பட்ட தண்டவாளங்களுடன் தன் பொம்மை இரயில்களைக் காட்சிக்கு வைத்தது. வண்டியைத் தனியாகவும் தண்டவாளத்தைத் தனியாகவும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்ற வசதி அதனால் உண்டாயிற்று. தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட 'ஓ' அளவு பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது.

முதல் உலகப்போர் வரை இத்தொழிலில் ஜெர்மனியே கோலோச்சியது. போருக்குப் பின் அந்த இடத்தைப் பிடிக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்து விளையாடும் பொம்மைக்கு 1901ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் அவர். 'மெக்கானோ' என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற பொம்மை அதுதான். 1920ஆம் ஆண்டு அவரது நிறுவனம் சாவி கொடுத்து ஓட்டும் இரயில்களை வெளியிட்டது. லிவர்பூலின் பின்ஸ் சாலையில் இருந்த அதன் தொழிற்சாலை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பொம்மைகளை நிறுத்திவிட்டுப் போர்ப்பணியில் ஈடுபட்டது. போருக்குப் பின் மீண்டும் இரயில்கள் வந்தன. 1964ஆம் ஆண்டு நிறுவனம் கைமாறியது. 1979ஆம் ஆண்டு பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது.

பெரியவர் வீட்டு இயந்திரத்தின் மேல் ஹார்ன்பியின் பெயரும் மெக்கானோவின் பெயரும் இருந்தன. ஆக, செய்தவர் யார் என்பதில் ஐயமில்லை. எப்போது செய்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை அப்போது எங்களுக்கு எழவில்லை. குடும்பத்தார் சொன்ன ஆண்டை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

பஞ்சும் எண்ணெயும்

பழம்பொருளைத் தொடுமுன் அது இருக்கும் நிலையைப் பதிவு செய்யவேண்டும் என்பது முதல் விதி. எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, கீறல்களையும் நசுங்கல்களையும் குறித்துக்கொண்டோம். அடுத்து, மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் அகற்றினோம். தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் பக்கமே போகவில்லை. இவ்வகைப் பொம்மைகளின் வண்ணங்களுள் பல தகரத்தின்மேல் அச்சிடப்பட்டவை; கடுமையான திரவம் பட்டால் அழுக்கோடு அச்சும் சேர்ந்து போய்விடும். மிகக் குறைந்த சோப்புக் கலந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் முதலில் சோதித்தோம். துணிக்கா பஞ்சம்? இயந்திரம் துடைப்பதற்கென்றே திருப்பூரில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டைவிட மென்மையான துணி வேறெங்கும் கிடைக்காது!

ஓட்டும் பொறியைத் திறக்கும் பணி எங்களால் ஆகக்கூடியதன்று. உள்ளே சுருண்டிருக்கும் எஃகு ஸ்பிரிங் கட்டவிழ்ந்தால் விரலைக் கிழித்துவிடும். பெரியவரின் கம்பெனியில் நிட்டிங் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பல்லாண்டு அனுபவம் பெற்ற ஃபிட்டர் ஒருவர் முன்வந்தார். நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே வேளையில் ஏறியிறங்கும் வட்டப்பின்னல் இயந்திரத்தோடு பழகிய கைகள் அவருடையவை. பொறியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கு நல்லாத்தானுங்க இருக்குது. எண்ணெ காஞ்சு கெட்டியாயிப் போச்சு. அதோட பஞ்சு சுத்தியிருக்குது" என்றார்.

ஆம், பஞ்சுதான். சக்கரங்களின் அச்சிலும் பல்சக்கரங்களின் இடுக்கிலும் வெண்ணிறப் பஞ்சிழைகள் இறுகச் சுற்றிக்கிடந்தன. பெரியவர் சிரித்துவிட்டார். வீட்டின் முன்கட்டே அன்று கம்பெனி. அந்தத் தரையில்தான் இரயில் ஓடியது என்றார். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் ஏற்றுமதியால் உலகறியப்படுவதற்கு முன்பு, உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியன்களை நெய்துகொண்டிருந்த காலத்துப் பஞ்சு அது. அந்த இழைகளை இடுக்கியால் எடுத்து, எறிந்துவிடாமல், சிறு காகித உறையில் இட்டுத் தேதி எழுதி வைத்தோம். ஃபிட்டர் பொறியைக் கழுவிக் காயவைத்து, துளித்துளியாக மெல்லிய எண்ணெய் இட்டார். தொலைந்த சாவிக்கு மாற்றாகப் பித்தளையில் ஒன்றைக் கடைந்து, அது புதிது என்பது பின்னால் பார்ப்பவருக்கும் தெரியும்படி ஆண்டையும் பொறித்துத் தந்தார்.

சிங்கமும் எண்ணும்

இயந்திரத்தின் பக்கவாட்டில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு மூன்றாம் நாள்தான் விலகியது. முதலில் ஒரு சக்கரம் தெரிந்தது. பிறகு அதன் மேல் நிற்கும் ஒரு சிங்கம். பின்புறத்தில் 82011 என்ற எண். அழகாயிருக்கிறதே என்று மகிழ்ந்த எங்களில் ஒருவர், சற்று நேரத்தில் மௌனமானார். அவர் இரயில்வே வரலாற்றில் ஆர்வம் உடையவர்.

சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்கம் பிரிட்டிஷ் இரயில்வேயின் சின்னம். 1941ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இரயில்வே என்ற அமைப்பே இல்லை! அன்று அந்நாட்டின் இருப்புப்பாதைகள் நான்கு பெரும் தனியார் நிறுவனங்களிடம் இருந்தன. 1948ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவை நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகே அந்தப் பெயர் பிறந்தது. சின்னம் அதற்கும் பின்னர் வந்தது. பொம்மை 1941ஆம் ஆண்டினதாக இருந்தால், அந்நான்கு நிறுவனங்களில் ஒன்றன் எழுத்துகளையே தாங்கியிருக்கும்.

எண் இன்னும் துல்லியமாகப் பேசியது. 82011 என்பது கற்பனை எண் அன்று. அந்த எண்ணுடைய உண்மையான நீராவி இயந்திரம் 1952ஆம் ஆண்டு ஸ்விண்டன் பணிமனையில் கட்டப்பட்டது. அந்த வகையில் 45 இயந்திரங்கள் 1952 முதல் 1955 வரை கட்டப்பட்டன. 1967ஆம் ஆண்டுக்குள் அனைத்தும் பணியிலிருந்து விலக்கப்பட்டு, ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்டுவிட்டன. (இன்று ஆர்வலர் குழு ஒன்று, வரிசையின் அடுத்த எண்ணான 82045ஐப் புதிதாகவே கட்டிவருகிறது.) உண்மையான இயந்திரம் அழிந்துபோக, அதன் எண்ணைத் தாங்கிய தகர நிழல் திருப்பூர்ப் பரணில் பிழைத்திருக்கிறது.

ஒரு கல்வெட்டில் ஓர் அரசரின் பெயர் வந்தால், அக்கல்வெட்டு அவர் காலத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாதல்லவா? அதே விதிதான் இங்கும். இந்தப் பொம்மை 1952ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டிருக்க இயலாது. மேல் எல்லையைப் பெரியவரின் நினைவே தந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது இந்த இரயில் வீட்டில் இருந்ததை அவர் நன்கு அறிவார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் என்றும் சொன்னார். காமராசர் அப்பொறுப்பை ஏற்றது 1954ஆம் ஆண்டு. 1957ஆம் ஆண்டளவில் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, அயல்நாட்டுப் பொருள்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது என்பதும் இதனோடு பொருந்துகிறது. ஆக, 1950களின் நடுப்பகுதி எனக் கொள்வதில் தவறில்லை.

இங்கே எங்களுக்கு ஒரு தயக்கம் எழுந்தது. ஒரு குடும்பம் எழுபது ஆண்டுகளாகப் போற்றிவரும் கதையை, ஒரு சிங்கத்தையும் ஐந்து இலக்கங்களையும் காட்டி மறுப்பதா? அதுவும், மறுக்கும் திசையில் அண்ணன் தம்பி உறவு ஒன்று இருக்கும்போது? நெடுநேரம் விவாதித்தோம். கேட்டவர் அவர். கல்லைப் பார்த்துக் காலம் சொல்வீர்களா என்று கேட்டுத்தான் எங்களை வீட்டுக்கு அழைத்தார். சொல்லாமல் விடுவதும் ஒருவகையில் பெயிண்ட் அடிப்பதுதான் என்ற முடிவுக்கு வந்தோம்.

அண்ணன் இரயில்

சின்னத்தையும் எண்ணையும் காட்டி எல்லாவற்றையும் எடுத்துரைத்தோம். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு விரல்விட்டு எண்ணினார். "அம்பத்திரண்டுன்னா அண்ணனுக்கு அப்பவே பதினாறு வயசுங்களே" என்றார். சிறிது நேரம் சென்றபின், "அப்பொ இது ஆருக்கு வாங்குனதுங்க?" என்று கேட்டார்.

அவ்வீட்டில் பிள்ளைகள் இருவரே. ஆயினும் யாருக்காக வாங்கப்பட்டது என்று தகரத்தில் எழுதியிருக்கவில்லை. ஐந்து வயதுத் தமையனுக்காக 1941ஆம் ஆண்டு வாங்கியதன்று என்பதை மட்டுமே எங்களால் உறுதியாகக் கூற முடியும் என்றோம். பெரியவரே மற்றதை நினைவுகூர்ந்தார். சாவி கொடுப்பது எப்போதும் அண்ணன்தான். ஸ்பிரிங் கையைக் கடித்துவிடும் என்று சிறுவனைத் தொடவிட மாட்டாராம். சிறுவன் சுவரோரம் உட்கார்ந்து, வண்டி தன்னிடம் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஓட்டுபவர் அண்ணன் என்பதால் 'அண்ணன் இரயில்' என்று பெயராகி, பெயரிலிருந்து கதை பிறந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தைக் கண்டவர்கள் 'வெள்ளக்காரன் காலம்' என்றும் சேர்த்திருப்பார்கள். ஊர்தோறும் உள்ள பழைய கட்டடங்களைப் பாண்டவர் கட்டியது என்று மக்கள் சொல்லிவருவதில்லையா? அதில் பொய் சொல்லும் நோக்கம் எவருக்கும் இல்லை.

இனிப் பெயிண்ட் பட்டறையின் நிலை என்ன? பெரியவரே அங்குச் சொல்லியனுப்பி, வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பழைய வண்ணத்தைச் சுரண்டியிருந்தால் சிங்கமும் எண்ணும் முதல் அரைமணி நேரத்திலேயே போயிருக்கும். தமக்கு வந்த விடையும் உடன் போயிருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எதை மாற்றலாம்? எதை மாற்றலாகாது?

பழைய இயந்திரத்தை ஓடவைக்க வேண்டுமானால் சிலவற்றை மாற்றத்தான் வேண்டும். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு வங்காளத்துக்கு வந்த 'ஃபேரி குவீன்' இயந்திரம், சென்னை பெரம்பூர்ப் பணிமனையில் சீரமைக்கப்பட்டு 1997ஆம் ஆண்டு மீண்டும் ஓடியது. அதன் உடன்பிறப்பான 21ஆம் எண் இயந்திரமும் அதே பெரம்பூரில் 2010ஆம் ஆண்டு உயிர்பெற்றது. நீலகிரிக்கு வேறு வழி பின்பற்றப்பட்டது. அங்கே சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய இயந்திரங்களின் சுமையைக் குறைக்க, அதே வடிவில் புதிய நீராவி இயந்திரங்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2010களில் கட்டித் தந்தது. புதியதைப் புதியது என்றே சொல்லி ஓட்டும் நேர்மை அதில் இருக்கிறது.

எங்கள் சிறிய பணியிலும் இதையே அளவுகோலாகக் கொண்டோம். ஓடுவதற்குத் தேவையான எண்ணெய், சாவி இவ்விரண்டும் புதியவை. சின்னம், எண், கீறல், ஒரு பெட்டியின் நசுங்கிய கூரை ஆகியவை இருந்தபடியே இருக்கின்றன. துரு பரவாமல் தடுத்தோமேயன்றி, துரு இருந்ததை மறைக்கவில்லை. புதுப்பித்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு. முன்னது பொருளைக் கடைக்குக் கொண்டுபோன நாளுக்குத் திருப்ப முயல்கிறது. பின்னது அந்த நாளுக்குப் பிறகு நடந்த அனைத்தையும் அதனிடமே விட்டுவைக்கிறது.

இறுதி நாளன்று, தேறிய நான்கு நேர்த் தண்டவாளத் துண்டுகளை முன்கட்டின் தரையில் இணைத்தோம். வட்டமாக ஓட்டப் போதிய துண்டுகள் இல்லை. பெரியவர் சாவியைத் தம் கையாலேயே கொடுத்தார். வாழ்நாளில் அதுவே முதல் முறை என்றார். வண்டி சற்றுத் தயங்கி, கரகரவென்று ஒலியெழுப்பி நகர்ந்தது. மறுமுனையில் சுவரோரமாக அமர்ந்திருந்த அவருடைய பேத்தி, தண்டவாளம் முடிந்த இடத்தில் அதைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

விடைபெறும்போது, இரயிலைத் தமையனாரின் பேரனுக்குக் கொடுக்கும் எண்ணம் மாறிவிட்டதா என்று தயங்கியபடி கேட்டோம்.

"குடுக்கறேன்னு சொன்னது சொன்னதுதானுங்க" என்றார். "இத்தன நாளா அண்ணன் பொருளத் திருப்பிக் குடுக்கறதா நெனச்சிருந்தேன். இப்ப என்ற பொருளக் குடுக்கறேன்."

பஞ்சிழைகள் இட்ட காகித உறையையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டினார்.